கேட்டதற்குச் சொன்ன பதில்

கேரலுக்குத் தமிழ் படிக்கத் தெரிந்ததே கோயிலால்தான். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த பெண். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் கன்னடமும். வீட்டில் பேசுகிற தமிழிலும் பாதிக்குக் கன்னடம் கலந்திருக்கும். ஆறாவது படிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கப் பிள்ளைகள் வேண்டும் என்று கோயிலில் கேட்டார்கள். அம்மா செலின் அந்த வாரத்து வாசகத்தை அப்படியே கன்னட எழுத்தில் எழுதித் தந்தாள். கேரல் ஒரு முக்காலியில் ஏறி நின்று, கன்னடத்தைப் பார்த்துத் தமிழில் வாசித்தாள். முடித்ததும் கோயில் முழுக்க "இறைவா உமக்கு நன்றி" என்றது. அத்தனை பெரியவர்கள் தன் குரலுக்குப் பதில் சொன்னதை வீட்டுக்கு வந்தும் அவளால் மறக்க முடியவில்லை. அதன் பிறகு தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து, எட்டாவது வருவதற்குள் யார் துணையும் இல்லாமல் வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

யாரும் அவளைக் கட்டாயப்படுத்திக் கோயிலுக்கு அனுப்பவில்லை. ஆளில்லாத கோயில்தான் அவளுக்கு அதிகம் பிடிக்கும். பள்ளி விட்டு வரும் வழியில் உள்ளே போய், பையைக் காலுக்கடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். மார்க் வேண்டும், செல்போன் வேண்டும் என்றெல்லாம் கேட்டதில்லை. அங்கே யாரோ இருக்கிறார்கள், தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். அது போதுமாயிருந்தது.

அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் டூட்டி இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பாள். அப்பா பெர்னார்ட் தேவராஜ மொஹல்லாவில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க். பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிப்பவர் அவர்தான். கேரல் ஒரே பிள்ளை. மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் பூசைக்கு வந்து இறங்குவதைப் பார்த்துக் கோயில் பங்கு மக்கள் பலர், குடும்பம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கேரல் பத்தாவதில் சேர்ந்த ஜூன் மாதத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அப்பா சொன்னார், தான் வேறு வீடு பார்த்திருப்பதாக. அலுவலகத்தில் கூட வேலை செய்கிற மோகனப்ரியா என்ற பெண்ணோடு இனி இருக்கப்போவதாகவும், ரெண்டு வருஷமாக இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்ததாகவும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அம்மாவும் கத்தவில்லை. சாப்பிட்ட தட்டுகளை எடுத்துப் போட்டாள். யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு மத்தியான டூட்டிக்குக் கிளம்பினாள். கதவருகே நின்று, "கேரலுக்கு ராத்திரி தோசை மாவு இருக்கு" என்று மட்டும் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று கேரலுக்கு விளங்கவில்லை.

அப்பா துணிப்பெட்டியையும் கீபோர்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

முதல்முறையாகக் கேரல் கேட்டு வேண்ட ஆரம்பித்தாள். ஒன்பது வாரம் மாதா நவநாள் செய்தாள். புதன்கிழமைகளில் ஒருவேளை சாப்பிடவில்லை. வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்தாள். அப்பா திரும்பி வந்துவிட்டால் எதைக் கொடுத்தாலும் சரி என்று சொன்னாள். ஒன்பதாவது வாரம் முடிந்தது. அப்பா வரவில்லை. வந்தது அவருடைய போன்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே சாப்பிடக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டார். கேரல் பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள். அதன் பிறகு அவர் போன் செய்தால் எடுப்பதில்லை.

இந்த விஷயத்தை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். ஈவ்லின் எல்.கே.ஜி.யிலிருந்து கூடப் படிப்பவள். அவளுடைய அப்பா ரத்தினசாமிக்குச் சொந்த ஊர் கொள்ளேகாலுக்கு அப்பால் கௌதள்ளி. மைசூர் வந்து மார்க்கெட்டில் லாரியிலிருந்து காய்கறி இறக்குகிற வேலையில் தொடங்கி, இப்போது மண்டி வைத்திருந்தார். கண்டிப்பான மனிதர். ஈவ்லின் சத்தமாகச் சிரித்தாலே அவருக்குப் பிடிக்காது. அவர் இல்லாத இடத்தில் அவள் அதற்கும் சேர்த்துச் சிரிப்பாள். கேரல் அழுதபோது அவளும் கூட அழுதாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மாதா பேரில் சத்தியம் செய்தாள்.

பள்ளியில் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் செபக்குழு கூடும். பத்தாவது பெண்கள் முப்பது பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒரு சிஸ்டர் நடத்துவார். யாருக்கு என்ன வேண்டுதல் இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லலாம், எல்லோரும் சேர்ந்து மன்றாடுவார்கள். ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, ஈவ்லின் கண்ணை மூடிக்கொண்டு, கையை விரித்து வேண்டினாள். "ஆண்டவரே, எங்க கேரலோட அப்பா அந்தப் பொம்பளைய விட்டுட்டுத் திரும்பி வரணும். அவங்க அம்மாவோட கண்ணீரைப் பாரும்."

முப்பது பேரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள்.

கேரல் கண்ணைத் திறந்தாள். திறந்த கண்கள் நிறைய இருந்தன. எல்லாம் அவளைத்தான் பார்த்தன. சிஸ்டர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்து நீளமாக ஒரு செபம் சொன்னார். மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்தது. மறுநாள் ஒன்பதாவதுக்கும் தெரிந்தது. மோகனப்ரியா எந்த ஊர், என்ன ஜாதி, முதல் புருஷனை ஏன் விட்டாள் என்று கேரலுக்கே தெரியாததெல்லாம் தெரிந்தவர்கள் வந்தார்கள். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்க் குசுகுசுத்தார்கள்.

"நான் நல்லதுக்குத்தான் வேண்டினேன். முப்பது பேர் சேர்ந்து கேட்டா கேக்காம இருப்பாரா?" என்று ஈவ்லின் பின்னாலேயே வந்தாள்.

"நீ சத்தியம் பண்ணினே."

"மனுஷங்ககிட்ட சொல்ல மாட்டேன்னுதானே பண்ணினேன்."

அவள் அதை உண்மையாகவே நம்பிச் சொல்கிறாள் என்று கேரலுக்கு அப்போது தோன்றவில்லை. கேலி செய்கிறாள் என்றுதான் தோன்றியது. அன்றோடு பேச்சு நின்றது. பெஞ்சு மாறி உட்கார்ந்தாள்.

பள்ளியிலிருந்து பேச்சு கோயிலுக்கு வந்தது. அம்மாவுக்கு வேலை அதிகம், ஓய்வு வேண்டும் என்று சொல்லி மறைக்கல்வி வகுப்பை இன்னொருவரிடம் கொடுத்தார்கள். அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். அவள் பூசைக்குப் போவதை நிறுத்தவில்லை. மூன்றாவது வரிசையில் வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்தாள். கீபோர்ட் இருந்த இடத்தில் ஒரு பையன் கிடார் வாசித்தான். கேரலும் வாசகம் வாசிப்பதை விடவில்லை. ஆனால் வாசித்து முடித்ததும் வருகிற அந்த நன்றி இப்போது வேறு மாதிரி கேட்டது. வாசிக்கிற பெண்ணை இவர்கள் ஏற இறங்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. ஆளில்லாத கோயிலில் உட்கார்ந்தால் அங்கே ஒருவரும் இல்லாதது போலிருந்தது. அது அவளைப் பயமுறுத்தியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனம் கலைந்துகொண்டிருந்தது. ஈவ்லினின் அம்மா ராணி, கேரலைக் கோயில் வாசலுக்கு ஓரமாகக் கூப்பிட்டாள். சின்ன வயதிலிருந்து கேரல் எத்தனையோ முறை சாப்பிட்ட வீடு அவளுடையது. முகம் வாடியிருந்தாள்.

"கண்ணு, உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். நீ பொய் சொல்ற பொண்ணு இல்ல. எங்க ஈவ்லின் யார்கூடயாவது பேசறாளா? டியூஷன்ல ஒரு பையன்னு காதுல விழுந்துச்சு."

கேரலுக்குத் தெரியும். மனோஜ்குமார் என்று, பத்தாவது முடித்துப் பி.யூ.சி. படிக்கிற பையன். டியூஷன் விட்டதும் ஈவ்லின் அவனோடு தெரு முனைவரை நடந்து வருவாள். ரெண்டு முறை ஐஸ்கிரீம் கடைக்குப் போயிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் ஈவ்லின் சிரித்துச் சிரித்துச் சொன்னது போன வருஷம், இருவரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

தெரியாது ஆன்ட்டி என்று சொல்லியிருக்கலாம். அவளிடமே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லக்கூடாது என்பது கட்டளை என்று கேரலுக்குள்ளே ஒரு குரல் சொன்னது. அது நல்ல குரல் இல்லை என்று அப்போதே அவளுக்குத் தெரிந்தும் இருந்தது.

"ஆமா ஆன்ட்டி. மனோஜ்குமார்னு ஒரு பையன். ஐஸ்கிரீம் கடைக்குக்கூடப் போயிருக்காங்க," என்றாள்.

ராணி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை ஈவ்லின் பள்ளிக்கு வரவில்லை. புதன்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்தது. ரத்தினசாமி அவளுடைய போனைச் சுவரில் அடித்து உடைத்தார். பெல்ட்டால் அவளையும் அடித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துதான் விலக்கினார்கள். மறுநாள் காலையிலேயே காரில் ஏற்றிக் கௌதள்ளிக்குக் கொண்டுபோய், தம்பி வீட்டில் விட்டுவிட்டார். பத்தாவது பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. படிச்சுக் கிழிச்சது போதும் என்று பள்ளிக்கு வந்து சொல்லிவிட்டும் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை செபக்குழுவில், ஈவ்லினுக்காக வேண்டுவோம் என்று சிஸ்டர் ஆரம்பித்தார். கேரல் எழுந்து பாத்ரூமுக்குப் போய், மணி அடிக்கும்வரை தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே நின்றாள்.

தவக்காலம் வந்தது. கேரல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். திரைக்குப் பின்னால் பங்குச்சாமியார் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். வெளியே நீளமாக வரிசை நின்றது. ஒரு தோழியைப் பற்றி அவள் அம்மா கேட்டதற்குப் பதில் சொன்னேன், அதனால் தோழிக்குக் கஷ்டம் வந்துவிட்டது என்று சொன்னாள்.

"நீ சொன்னது பொய்யா?"

"இல்ல ஃபாதர். உண்மைதான்."

"அப்புறம் என்னம்மா. உண்மை சொல்றது பாவமில்ல. அந்தப் பொண்ணுக்காக மூணு அருள்நிறை மரியே சொல்லு."

அவள் முழந்தாளிட்டு மூன்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒன்று தெளிவாக விளங்கியது. சாமியாரிடமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள், ராணி ஆன்ட்டியிடம் சொன்ன மாதிரியே. தனக்கு எது வசதியோ அந்த உண்மையை. அவள் கையில் மன்னிப்பு இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்றைய பூசையில் நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்தபோது அவள் எழவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த நாள் கேரல் அப்பாவுக்குப் போன் செய்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவளாகச் செய்த முதல் போன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அப்பா, என்னைக் கௌதள்ளிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

எதற்கு என்று கேட்காமலேயே சரி என்றார்.

அம்மாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டூட்டி. அவள் கிளம்பிப் போனதும் கேரல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அப்பா முன்னாலேயே வந்து நின்றிருந்தார். இளைத்துப் போயிருந்தார். மீசையை எடுத்திருந்தார். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ்தான் கௌதள்ளி வழியாகப் போகும். நெற்றியில் விபூதிப் பட்டையும் தோளில் பையுமாகப் பக்தர்கள் நிறைந்திருந்தார்கள். ஜன்னலோரம் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, டி. நரசிபுரம் வரை அப்பா நின்றுகொண்டே வந்தார்.

பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் கேரல் நடந்ததைச் சொன்னாள். சாமியாரிடம் சொன்னது போல இல்லாமல், முழுதாகச் சொன்னாள். அவளும் அழட்டும் என்று நினைத்ததைச் சொன்னாள். சொல்லும்போது அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கெல்லாம் ஆரம்பம் நான்தான்," என்றார் கடைசியில்.

"ஆமா," என்றாள் கேரல்.

அவர் அதை மறுப்பார் என்றோ அழுவார் என்றோ நினைத்திருந்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கொள்ளேகால் தாண்டியதும், நீங்கள் செபம் செய்வதுண்டா என்று கேட்டாள்.

"வாய் வர மாட்டேங்குது. கண்ணை மூடினா உங்கம்மா தட்டு எடுத்துட்டுப் போனதுதான் வருது. ஆனா திரும்பி வரவும் மாட்டேன் கேரல். அதுக்காக வேண்டிக்காதே."

ஒன்பது வாரம் வெறுங்காலோடு நடந்தது நினைவுக்கு வந்தது. ஹனூரில் பஸ் நின்றபோது அவர் இறங்கிப் போய் இளநீர் வாங்கி வந்தார். அவள் குடித்தாள்.

கௌதள்ளியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள். ஈவ்லினின் சித்தி வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் யாரென்று சொன்னதும் முகம் மாறியது. ஆனாலும் உட்காரச் சொன்னாள். "அவ காட்டு வேலையில இருக்கறாளுங்க. வரச் சொல்றனுங்க. ரொம்ப நேரம் பேச வேண்டாமுங்க, எங்க பெரியவருக்குத் தெரிஞ்சா வம்பு," என்றாள்.

ஈவ்லின் வந்தாள். கேரலுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இடுப்புவரை இருந்த முடியைக் கழுத்துக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தார்கள். கத்தரிக்கோல் கோணல்மாணலாகப் போயிருந்தது. காலெல்லாம் செம்மண். வேலி ஓரமாக நின்றாள். கேரல் எழுந்து பக்கத்தில் போனாள்.

"எங்கம்மா கேட்டாங்க, நீ சொன்னே. பொய் ஒண்ணும் சொல்லலையே," என்றாள் ஈவ்லின், கேரல் வாய் திறப்பதற்கு முன்பே. கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. ரொம்ப நாளாக யாரோடும் பேசாதவள் பேசுவது போலிருந்தது.

"வேணும்னேதான் சொன்னேன். நீயும் அழணும்னு," என்றாள் கேரல்.

ஈவ்லின் கொஞ்ச நேரம் செருப்பில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நான் அன்னைக்கு உங்கப்பாவுக்காக வேண்டினது நெசமாவே வேண்டினதுதான், தெரியுமா? உன்னை அசிங்கப்படுத்தணும்னு நெனக்கல. கேவலமாயிடும்னு எனக்குத் தோணவே இல்ல. புத்தி இல்ல, அவ்வளவுதான்."

"என்னை மன்னிச்சிடு ஈவ்லின்."

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீ நிம்மதியா பஸ் ஏறிப் போயிடுவே. எனக்கு அது சொல்ல வரல இப்போ. நான் இங்கதான் இருக்கணும்." பிறகு வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னாள். "பதினெட்டு ஆனதும் அம்மா வழியில ஒரு மாமாவுக்குக் கட்டி வைக்கப்போறாங்களாம். அவருக்கு முப்பது. சயின்ஸ் புக்காவது எடுத்துட்டு வந்திருக்கலாம். அப்பா அதையும் எடுக்க விடல."

சித்தி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். ஈவ்லின் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா, பரீட்சையையாவது எழுத விடுங்கள் என்று சித்தியிடம் கேட்டார். அவள் பயந்துபோய் ரத்தினசாமிக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தாள். அப்பா பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார். பெண்டாட்டியை விட்டுவிட்டு ஊர் மேய்கிறவன் என் பெண்ணை எப்படி வளர்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று ரத்தினசாமி கத்தியது பக்கத்தில் நின்ற கேரலுக்கும் கேட்டது. அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். காதுமடல் சிவந்திருந்தது. மைசூரில் இறங்கியதும், வீட்டுக்குள் வரமாட்டேன், தெருவரை வருகிறேன் என்று கூட நடந்து வந்துவிட்டுப் போனார்.

அம்மா டூட்டி முடிந்து வந்து, ஊற வைத்திருந்த துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். கேரல் அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவோடு போனதைக்கூட மறைக்கவில்லை. அம்மா துணியை வாளியில் விட்டுவிட்டு எழுந்து, ஈரக் கையோடு அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். கேரல் பிறந்ததிலிருந்து அம்மா அடித்தது அதுதான் முதல் முறை. பிறகு அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பிள்ளையை என்ன செய்யறதுன்னு யோசிக்கணும். நீ அழறத அப்புறம் வெச்சுக்கோ," என்றாள்.

மறுநாள் அம்மா யூனிஃபார்மோடு நேரே ராணி வீட்டுக்குப் போனாள். ராணி உட்காரச் சொல்லாமல் அழுதாள். ரத்தினசாமி வாசலிலேயே நிறுத்தி அனுப்பினார். அம்மா பள்ளிக்குப் போய்த் தலைமை சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் தானே ரத்தினசாமியிடம் போய்ப் பேசினார். பங்குச்சாமியாரும் போனார். அவர்களுக்கெல்லாம் ரத்தினசாமி காபி கொடுத்தார். எல்லோரிடமும் பார்க்கலாம் என்றார். அம்மா தன் ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, குழந்தைகள் நல அதிகாரிவரை போனாள். அதிகாரிகள் கௌதள்ளிக்கு ஜீப்பில் போய் விசாரித்தார்கள். சித்தி வீட்டில் சந்தோஷமாக இருக்கிறேன் என்று வீட்டார் ஈவ்லினையே சொல்ல வைத்துவிட்டார்கள். கல்யாணம் இப்போதைக்கு இல்லை என்று மட்டும் ரத்தினசாமி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒன்றுதான் நடந்தது. மார்ச்சில் பரீட்சை தொடங்கியது. ஹாலில் கேரலுக்கு மூன்று பெஞ்சு தள்ளி ஓர் இடம் கடைசி நாள்வரை காலியாகவே கிடந்தது.

பரீட்சை முடிந்து மே மாதம் ஆயர் வந்து, பெரிய பிள்ளைகளுக்கு நெற்றியில் எண்ணெய் பூசி உறுதிபூசுதல் கொடுப்பதாக இருந்தது. கேரலுக்கு அம்மா வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் கேரல் சாமியாரிடம் போய், இந்த வருஷம் தனக்கு வேண்டாம் என்றாள். அவர் திகைத்துப் போனார். அப்பா விஷயத்தால்தான் என்று ஜனங்கள் பேசுவார்களே, அம்மாவை நினைத்துப் பார் என்றார்.

"ஞானஸ்நானத்துல எனக்காக வேற யாரோ 'நம்புறேன்'னு சொன்னாங்க ஃபாதர். இதுல நானே சொல்லணும். இப்போ சொன்னா, அது வாய் சொல்றதுதான்."

"நம்பிக்கை போயிடுச்சாம்மா?"

கேரல் யோசித்தாள். போய்விட்டது என்று சொன்னால் சுலபமாக இருக்கும். "தெரியல ஃபாதர். அவர் இருக்காருன்னுதான் தோணுது. நான்தான் அவர்கிட்ட போக முடியாம நிக்கிறேன்," என்றாள்.

அம்மாவிடம் சொன்னபோது அம்மா வெள்ளைச் சேலையைத் திரும்ப மடித்து பீரோவில் வைத்தாள். ஜனங்கள் பேசட்டும், பேசாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை உடையில் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். மறைக்கல்வி ஆசிரியர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, கூப்பிட்ட பிள்ளை ஞானத்தாயோடு ஆயர் முன்னால் போய் நின்றது. நடுவில் அவர் "ஈவ்லின்" என்று கூப்பிட்டார். பட்டியலில் அந்தப் பெயரை அடிக்க யாரும் நினைக்கவில்லை போலிருக்கிறது. ஆயர் எண்ணெய் தொட்ட கட்டைவிரலோடு காத்திருந்தார். ஆசிரியர் மறுபடியும் கூப்பிட்டார். ரத்தினசாமி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் அவளைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். பூசை நடந்தது.

கேரல் அன்று அழவில்லை. யாருக்காகவும் எதையும் கேட்கவும் இல்லை. ஈவ்லின் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் செபம் செய்துகொண்டிருந்த நேரம் முழுக்க அதையேதான் செய்தாள்.

அவள் பி.யூ.சி.யில் சயின்ஸ் எடுத்தாள். அம்மாவைப் போல நர்சிங் போவதாக எண்ணம். அப்பாவுக்கும் மோகனப்ரியாவுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பா போட்டோ அனுப்பினார். கேரல் அதை அம்மாவிடம் காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்து, காட்டினாள். குழந்தைக்கு மஞ்சள்காமாலை இருக்கிற மாதிரி தெரிகிறது, காலை வெயிலில் காட்டச் சொல் என்றாள் அம்மா. கேரல் அதை அப்படியே அப்பாவுக்கு அனுப்பினாள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவரோடு சாப்பிடப் போவாள். பேச அதிகம் இருக்காது.

உறுதிபூசுதலை அவள் இன்னும் வாங்கவில்லை. பூசைக்குப் போகிறாள். வாசகம் வாசிக்க மட்டும் போவதில்லை.

மறுவருஷம் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. ஈவ்லின். சித்தியின் போன், ரீசார்ஜ் செய்திருக்கிறார்கள், கொஞ்ச நேரம் பேசலாம் என்றாள். ஹனூரில் தனித்தேர்வாக எழுத அவள் அப்பா ஒத்துக்கொண்டாராம். அதற்காக ராணி மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாளாம். மின்சாரப் பாடத்தில் ஒரு கணக்கு வரவில்லை, ரெசிஸ்டன்ஸ் பக்கவாட்டில் இணைத்திருந்தால் எப்படிக் கூட்டுவது என்று கேட்டாள். கேரல் தன் பழைய புத்தகத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. தலைகீழாக்கிக் கூட்டணும், விடையை மறுபடி தலைகீழாக்க மறந்துடாதே என்றாள் கேரல்.

"அங்கதான் தப்புப் பண்ணிட்டிருந்தேன்," என்றாள் ஈவ்லின். முடி வளர்ந்துவிட்டதா என்று கேட்கக் கேரல் வாயெடுத்தாள். அதற்குள் சித்தி கூப்பிடுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு போன் வரும் என்று கேரல் சயின்ஸ் புத்தகத்தை மேஜைமேலேயே வைத்திருந்தாள். வரவில்லை. இவளாகக் கூப்பிட்டால் அங்கே வம்பாகும். பரீட்சை முடிந்து ரிசல்ட் வந்தது, தெருவில் எதிரே வந்த ராணி சொல்லித்தான் தெரிந்தது. கணக்கில் மட்டும் போய்விட்டதாம். மற்றதெல்லாம் பாஸ். சயின்ஸில் நல்ல மார்க். கணக்கை மறுபடி எழுத விடுவாரா என்று கேரல் கேட்டாள். ராணி மார்க்கெட் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். கேட்டுப் பார்க்க வேண்டும் என்றாள்.